சனிக்கிழமைகளில் வந்த அம்மா

சிறுவர் பராமரிப்பு அதிகாரி அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்த அன்று, நான் பள்ளிக்கூடத்தால் வந்து சேலைகூட மாற்றவில்லை. கண்டியில் குண்டு வெடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தமிழர் வீடுகளில் கதவு தட்டப்பட்டால் யாரும் உடனே திறப்பதில்லை. மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்தேன். சிங்களப் பெண்கள் கட்டும் ஒசரிச் சேலையில் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் கீழே நின்றார். அவருடைய விரலைப் பிடித்தபடி மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை.

அதிகாரியை எனக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடம் வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க அவர் வரும்போதெல்லாம், எனக்குச் சிங்களம் ஓரளவு தெரியும் என்று அதிபர் என்னைத்தான் பேச அனுப்புவார். அன்றைக்குக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த தமிழில் விஷயத்தைச் சொன்னார். பிள்ளையின் தாய் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்துகொண்டு நகரத்தில் ஒரு வீட்டில் சமைத்தவள். பக்கத்துக் காம்பரா அறையில் வந்து தங்கிய ஓர் இளைஞனைத் தேடி வந்த பொலிஸார், அவனுக்குச் சோறு கொடுத்தவள் என்று அவளையும் கொண்டுபோய்விட்டார்கள். புருஷன் வேலை தேடி வவுனியாப் பக்கம் போய்த் திரும்பி வராதவன். பிள்ளையைச் சில நாள் வைத்திருந்த அயல்வீட்டுக்காரி, தன்னையும் பிடிப்பார்களோ என்று பயந்து கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டாள்.

"ஹோம்ல போட ஏலும் டீச்சர். ஆனா அங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. இந்தப் புள்ள பேசுறது விளங்காது. ஒரு மாசம் மட்டும் பாருங்க. அம்மா வந்துடும்."

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியும். என் கணவர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இஞ்சேரும், பிடிச்சு வச்சிருக்கிற ஆளின்ர பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். நாளைக்கு எங்களையும் கேப்பாங்கள்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. முந்திய கலவரத்தில் வாடகை வீட்டையும் சாமான்களையும் எரியவிட்டு உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் நாங்கள். நான் பதில் தேடிக்கொண்டு நிற்கையில் பிள்ளை அறை வாசலுக்கு வந்து அவரை நிமிர்ந்து பார்த்து, "தண்ணி குடுங்க" என்றது. அவர் போய்க் கோப்பையில் தண்ணீர் எடுத்துவந்து, அது குடித்து முடிக்கும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நீதவான் பிள்ளையை எங்கள் பொறுப்பில் விட்டார். சட்டத்தில் எங்களுக்கு, பிள்ளையைப் பொறுப்பேற்கத் 'தகுந்த ஆட்கள்' என்று பெயர்.

ஒரு மாதம் என்றது ஒரு வருடமாயிற்று. தொடக்கத்தில் பிள்ளை படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கும். பிறகு கேட்பது குறைந்தது. ஆமா என்பதை விட்டு ஓம் என்று சொல்லப் பழகியது. "மாட்டன்", "வாறன்" என்று எங்கள் ஊர்ப்பேச்சு அதன் வாயில் வந்ததைக் கேட்டு என் கணவர் சிரித்துச் சிரித்து மாய்ந்தார். அலுவலகத்தில் மிஞ்சும் வரைபடத் தாள்களைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் ஆனையும் பூனையும் கீறிக் கொடுப்பார். என்னை எப்போதிருந்து அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது என்று எனக்கு ஞாபகம் இல்லை. முதல் தடவையே நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

அதிகாரி இடைக்கிடை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். "அம்மாவ விடல்ல டீச்சர். உள்ள வைக்கிறத இன்னும் நீட்டிட்டாங்க" என்பார். "ஐயோ, பாவம்" என்று சொல்வேன். பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போகும்போது மனம் லேசாகிவிடும். அப்படி லேசானதை உணர்ந்ததும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகும். சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாமல் நிற்பேன். ஒரு பெண் கம்பிக்குள் இருப்பது எனக்குச் சந்தோஷமா என்று நினைத்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த முறை அதிகாரி வரும்போதும் அதே நிம்மதிதான் வரும்.

தாய் பிள்ளையைப் பார்க்கக் கேட்டாள் என்று ஒருமுறை சிறைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வலைக்கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றவள் என்னைவிட எத்தனையோ வயது இளையவள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது. நான் எவ்வளவோ தள்ளியும் திரும்பவில்லை.

"பரவால்ல டீச்சர், விடுங்க," என்றாள் அவள். "நல்லா வளத்திருக்கீங்க. கன்னமெல்லாம் வந்துருச்சு."

திரும்பும் வழியில் பஸ்ஸில் பிள்ளை கேட்டது, "அந்த அன்ரி ஏன் அழுதவ?"

"அது அன்ரி இல்லை. அதுதான் உங்கட அம்மா."

"நீங்கள்தானே அம்மா."

பக்கத்தில் இருந்த என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷம் கண்ணாடியில் தெரிந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அவளை வழக்கே போடாமல் விட்டுவிட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லையாம். லயத்தில் மறுபடி இடம் கிடைக்கவில்லை. பொலிஸ் வரும் என்று சனத்துக்குப் பயம். கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமயில் ஒரு காம்பரா எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் மிளகாய் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனாள். பிள்ளையை உடனே பிரித்தால் தாங்காது, சனிக்கிழமைகளில் வந்து பழகட்டும் என்று அதிகாரி ஒழுங்கு செய்தார்.

சனிக்கிழமை பகல் அவள் வருவாள். கையை எவ்வளவு கழுவிக்கொண்டு வந்தாலும் மிளகாய்க் காரம் போகாது. அதனால் பிள்ளையைத் தொடப் பயப்படுவாள். பிள்ளை, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் போல அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்னிடம் ஓடிவந்துவிடும். அவள் தேத்தண்ணியை மெதுவாகக் குடிப்பாள். முடிந்தால் எழும்ப வேண்டும் என்பதுபோல.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, "கீழ் அறை சும்மாதான் கிடக்குது. நீங்கள் இஞ்ச வந்து இருங்கோவன். சமையலைப் பாத்துக்கொண்டால் போதும். பிள்ளையோடயே இருக்கலாம்" என்றேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "எம் புள்ள ஒங்கள அம்மான்னு கூப்புடும். நான் அடுப்படில நின்னு அதக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா டீச்சர்?"

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே என்னிடம் விளக்கம் கேட்பதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. அதிகாரி வந்தார். தாய் பிள்ளையை எங்களுக்கே எழுதிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார். என் கணவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அவவே சொல்லுறா. நாங்கள் பறிக்கேல்லைதானே" என்று என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எத்தனையோ நாள் மனதுக்குள் கேட்டது கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

நான் தனியாக வத்தேகமவுக்குப் போனேன். சிறிய காம்பரா. ஒரு மூலையில் அடுப்பு, மற்ற மூலையில் சுருட்டிய பாய். பாய்க்குப் பக்கத்தில் பிள்ளைக்கு அளவான புதுத் தலையணை ஒன்று, உறைகூடப் பிரிக்காமல்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"புள்ள என்னயப் பாத்துப் பயப்படுது டீச்சர். பயப்படுற புள்ளய இழுத்துக்கிட்டு வந்து என்ன பண்ண? ஒங்க வீட்டுல நல்லா இருக்குது. இங்க என்ன இருக்கு?"

"விருப்பமா சொல்லுறீங்களா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விருப்பத்த யாரு டீச்சர் கேட்டா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவெடுத்தேன். வீட்டில் அதைச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க, என் கணவர் பிள்ளையின் மூலமாகத்தான் என்னோடு பேசினார்.

நீதிமன்றத்தில் அன்றைக்குப் பெரிய கூட்டம் இல்லை. நீதவான் நல்ல மனிதர். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு யாரோடு போக விருப்பம் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பிக் கேட்டார். "அம்மாவோட" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டது. மற்றப் பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீதவான் என்னைப் பார்த்தார்.

பிள்ளைக்கு விளங்கக்கூடாது என்று நான் சிங்களத்திலேயே சொன்னேன். தாயிடம் கொடுத்துவிடுங்கள், நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றேன். தாய்க்குச் சிங்களம் அவ்வளவு தெரியாது என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் செய்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவான தமிழில், "பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிடும்படி டீச்சர் கேட்கிறார். தாங்கள் வைத்துக்கொள்ள மாட்டார்களாம்" என்றார்.

பிள்ளை அழவில்லை. என் சேலையை விட்டது. அவ்வளவுதான்.

முதல் மாதங்களில் தாய் பிள்ளையை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். பிள்ளை படியேற மறுத்துவிட்டது. கொஞ்சக் காலம் விட்டுவிடுங்கள் என்றார் அதிகாரி. விட்டோம். என் கணவர் மட்டும் மரக்கறி வாங்கப் போகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தேகமச் சந்தைக்குப் போவார். எங்கள் தெருவிலேயே மரக்கறிக் கடை இருந்தது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வந்து பையை வைத்துவிட்டு, "வளந்திட்டாள்" என்பார். சில நாள், "இண்டைக்குக் காணேல்லை."

அவள் பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். பிறகு பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்களிடம் இருந்திருந்தால் இன்னும் படிக்க வைத்திருப்போம். இதை நினைக்கவே எனக்கு உரிமை இல்லை என்றும் படும், நினைக்காமல் இருக்க முடியாமலும் இருக்கும்.

என் கணவர் இறந்தபோது தாயும் மகளும் வந்தார்கள். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். சனம் எல்லாம் போன பிறகு, மகள் அடுப்படியில் கோப்பைகளைக் கழுவினாள். நான் துடைத்து அடுக்கினேன். தாயின் பேச்சு அவள் வாய்க்கு முழுதாகத் திரும்பி வந்திருந்தது.

"டீச்சர், கோர்ட்ல என்னய அனுப்பச் சொன்னீங்களே. ஒங்களுக்கு அது விருப்பமா?"

"இல்லை."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"உங்கட அம்மாவுக்காக."

அவள் குழாயை மூடினாள். "அம்மாகிட்டயும் ஒருநாள் கேட்டேன், என்னய ஏன் இவங்களுக்குக் குடுக்கப் பாத்தீங்கன்னு. டீச்சருக்காகவும் ஒனக்காகவும்னு சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி விட்டுக்குடுத்திருக்கீங்க. எனக்கு என்ன வேணும்னு கேட்டது அந்த நீதவான் ஐயா மட்டுந்தான்."

அவள் குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று தாயைக் கூப்பிட்டாள். நான் வாசல் வரை போனேன். அன்றைக்கு உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடிய பதிலை வைத்துக்கொண்டு அந்த நாளில் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாததால், கவனமாகப் போகச் சொல்லிவிட்டு நின்றேன்.