சிவப்புப் புடவை விற்ற வாய்

இன்று கடையில் என் வாயே என்னைக் கெடுத்தது.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடை. மத்தியானம் செம்பவாங்கிலிருந்து ஒருவர் வந்தார். கப்பல் பட்டறைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"செவப்புல ஒரு புடவை குடுங்க தம்பி" என்றார்.

சிவப்பு என்றாலே எனக்குக் கல்யாணம்தான். ஒவ்வொன்றாக விரித்தேன்.

"இதைக் கட்டினா பொண்ணு மகாலட்சுமியாட்டம் இருக்கும் அண்ணே! யாருக்கு, மகளுக்கா?"

அவர் புடவையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சிக்கு. காலையில தவறிப்போச்சு. பொறந்த வீட்டுக் கோடி நான்தானே போடணும்."

அந்தப் புடவையை மடித்துக் கட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பொட்டலத்தை நீட்டும்போது, பழக்க தோஷம், பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லிவிட்டேன்: "அடுத்த விசேஷத்துக்கும் நம்ம கடைக்கே வாங்கண்ணே!"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கல்லாவிலிருந்த முதலாளிக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் கேட்டிருக்கிறது. "ஆளுங்கள எப்படி அனுப்பணும்னு இவனப் பாத்துக் கத்துக்குங்க லா!" என்று எல்லாரிடமும் சொன்னார்.

விற்கிறவனுக்கு வாய்தான் மூலதனமாம். அதற்கு ஒரு பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.