அடுப்புக்கு இரண்டாம் சுவர்

கரும்பு பூத்துவிட்டால் எங்கள் ஊரில் வெயிலின் நிறமே மாறிவிடும். சோழவந்தான் பக்கத்துக் கால்வாய்க் கரையெல்லாம் வெள்ளிப் பூக்கள் அசைய, பார்க்கிற கண் தானாகச் சொக்கும். நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், அந்தப் பூக்களுக்கு நடுவே நடந்து சிம்மக்கல் மாமா வந்தார்.

மாமா என்றால் அத்தையின் கணவர். மதுரை சிம்மக்கல்லில் மொத்தக் கடையொன்றில் மூட்டை தைக்கிறவர். ஆடிக்கு அப்பா அழைத்து வந்த அத்தை, மார்கழி ஆகியும் அவரிடம் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமாவைக் கண்டதும் அவள் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டாள். அவர் கொண்டுவந்த அல்வாப் பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் திணித்தார்.

வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாமல், தங்கையை வற்புறுத்தவும் மனமில்லாமல், அப்பா பேச்சை வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குத் திருப்பினார். அடுப்பு பழசு. எவ்வளவு கரும்புச் சக்கை போட்டு எரித்தாலும் சூடெல்லாம் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது. கொப்பரையில் சாறு கொதிக்க நேரமாகிறது. செங்கல் சுவருக்கு வெளியே ஒரு மண்சுவர் எழுப்பி, இடையில் உமிச்சாம்பலைத் திணித்தால் சூடு உள்ளேயே நிற்கும்.

"அத நான் செஞ்சு தாரேன் மச்சான்" என்றார் மாமா.

"ஒங்களுக்கு மண்ணு வேல தெரியுமா மாப்ள?"

"தெரியாம என்ன!"

தெரியவில்லை. முதல் சுவர் காய்வதற்குள் சரிந்தது. அடுத்தது என் கை நுழையும் அளவுக்கு வெடித்தது. "கரும்பு பூத்துருச்சு மாப்ள, இனி இனிப்பு இறங்கிரும்" என்று அப்பா தவித்தார். மாமாவோ மண்ணைக் குழைப்பதும் வீட்டுப் பக்கம் பார்ப்பதுமாக இருந்தார். நான் அடுப்புக்குள் புகுந்து ஆறிய சாம்பல்மேல் படுத்துக்கொள்வேன். கொப்பரை இல்லாத வட்டத்தில் வானம் தெரியும். ஒரு மேகம் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் கரையும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா மண் அப்புகிற சத்தம், யாரோ முதுகில் தட்டித் தூங்க வைப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தூது போனதும் நான்தான்.

"ஒங்க அத்தைகிட்ட கேளு பாப்பா, மண்ணுல என்ன சேத்தா வெடிக்காதுன்னு."

அத்தை முறத்தைத் தட்டிக்கொண்டே, "மூட்ட தைக்கிறவுக அந்தச் சோலியப் பாக்கட்டும்னு சொல்லு" என்பாள். ஓர் எழுத்து விடாமல் ஒப்பிப்பேன். மாமா பரிசு வாங்கியவர்போல் சிரிப்பார்.

மறுபடி எழுப்பிய சுவரும் சரிந்த சாயங்காலம் அவர் சிரிக்கவில்லை. சேற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு ஊருக்குப் போறேன் பாப்பா. எனக்கு எதையும் நிக்க வைக்கத் தெரியல. இத யாருகிட்டயும் சொல்லாத."

நேராகப் போய் அத்தையிடம் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஒரு கூடை உமியை இடுப்பில் எடுத்துக்கொண்டு வெல்ல அடுப்புக்கு வந்தாள். சேற்றில் உமியைக் கொட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"இம்புட்டுத் தண்ணியா ஊத்துறது?"

"நீ சொன்னாத்தான தெரியும்."

"எதையாச்சும் என்னையக் கேட்டுச் செஞ்சிருக்கீகளா?"

மாமா எழுந்து அவளுக்கு இடம் விட்டார். பிறகு மெதுவாக, "இப்பக் கேக்குறேன்ல" என்றார்.

கரும்புப் பூக்கள் ஊதா நிறமாகிக்கொண்டிருந்த அந்த வெளிச்சத்தில் இருவரும் சேற்றை மிதித்தார்கள். நானும் இறங்கப் போனேன். அம்மா ஓடிவந்து, சளி பிடிக்கும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சுவர் நின்றது. தை பிறந்து கரும்பாலை ஓடியபோது உள்ளே தீ குமுற, வெளிச்சுவரில் கன்னத்தை வைத்தேன். கன்றுக்குட்டியின் வயிறுபோல் இளஞ்சூடாக இருந்தது.

முதல் வெல்லத்தைத் துணியில் முடிந்துகொண்டு அத்தையும் மாமாவும் மதுரை பஸ் ஏறினார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அத்தை போவதுதான் நியாயம் என்று பட்டது. சிம்மக்கல் வீட்டிலும் ஏதோ ஒரு சுவர் சரிந்து கிடக்கும்போல, மாமா ஒற்றை ஆளாக அதை எப்படி எழுப்புவார் என்று நினைத்துக்கொண்டேன்.