ஆண்ட்ரோமெடாவுக்கு ஒன்றரை மணி நேரம்

ஆண்ட்ரோமெடா கேலக்சியைத் திருவண்ணாமலையிலிருந்து படம் பிடித்த முதல் ஆட்டோக்காரன் நான்தான். சரி, பொய். பிடிக்கப் போனவன் தனசேகர், கெடுத்தவன் நான். கெடுத்ததில் வேண்டுமானால் முதல் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள்.

நேற்று பொழுது சாய்ந்ததும் செங்கம் ரோட்டுக்குத் தெற்கே ஒரு காபிக்கடை வாசலில் சவாரிக்காகக் காத்திருந்தேன். உள்ளே கொசுவத்தி ஏற்றினார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்குத் தனசேகரின் முதுகு ஞாபகம் வந்தது. அவன் கேமராமேல் குனிந்திருப்பான். நான் தேங்காய் மூடியில் கொசுவத்தியை ஏந்திக்கொண்டு பின்னால் நிற்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதால் எனக்குக் கிடைத்த விஞ்ஞான உத்தியோகம் அதுதான். அதிலும் திட்டு விழும். "புகை கண்ணாடியில படுதுடா, தள்ளிப் புடி!"

தனசேகர் கல்யாண போட்டோகிராபர். ஆசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் டெலஸ்கோப் இருந்தது. அவரிடம் போய்ப் போய் வானத்தைப் படம் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டான். "ஊரான் மூஞ்சியவே எடுத்து சலிச்சிப்போச்சிடா. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு எடுக்கணும்" என்பான். அந்த ஒன்று ஆண்ட்ரோமெடா. எனக்கும் காட்டினான். கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டது போல ஒரு வெளுப்பு.

"அந்த வெளிச்சம் இங்க வந்து சேர இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆவுதுடா."

"செங்கம் பஸ்ஸவிட லேட்டா?"

சிரித்தான். அவனைச் சிரிக்க வைப்பது சுலபம்.

பௌர்ணமி எனக்குக் கிரிவலச் சவாரி, அமாவாசை அவனுக்கு வானம். ஆனால் அமாவாசை தவறாமல் மேகம் வந்து நிற்கும். இப்படியே போய், பெரியவர் ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு அவருக்குக் கார். எட்டரைக்குத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி டெலஸ்கோப்பைக் கொடுத்தார். மலையில் தீபம் ஏற்றி ஒன்பதாம் நாள் அது. கடலை பிடுங்கிய நிலத்தில் ஏழு மணிக்குள் இறங்கினோம். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது.

டெலஸ்கோப் ஸ்டாண்டுக்குள் ஒரு மோட்டார் உண்டு. வானம் நகர்கிற வேகத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் முதலில் அதைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தவேண்டும். ஒயர் மாட்டிக்கொண்டே தனசேகர் சொன்னான்: "வடக்கால அசையாத வெளிச்சம் ஒண்ணு நிக்கும் பாரு. அதுக்கு நேரா வச்சிடு."

வடக்கே அண்ணாமலை. உச்சியில் தீபம். அசையாத வெளிச்சம் என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறென்ன? கன்னத்தில் போட்டுக்கொண்டு, தீபத்துக்கு நேராக ஸ்டாண்டை முடுக்கினேன். துருவ நட்சத்திரம் அதற்கு நாலு விரல் மேலே, பாவம், மங்கலாக நின்றிருந்ததாம்.

"வச்சிட்டியா?"

"கல்லு மாதிரி."

நேரமில்லை என்று அவன் சரிபார்க்கக்கூட இல்லை. என்னை அவ்வளவு நம்பினான். நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்துத் தள்ளினான். எட்டேகாலுக்குக் கேமராத் திரையில் பார்த்தால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் சேமியாவாக நீண்டு கிடந்தது. ஓடிப்போய் ஸ்டாண்டில் குறி பார்க்கிற துளையில் கண்ணை வைத்தான்.

"டேய்... இது தீபம்டா!"

"நீதான அசையாததுன்ன?"

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மூடி போட்டான். ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னான்: "உடுடா. அது எங்க போவப்போவுது? அடுத்த கார்த்திகைக்கு எடுத்துக்கலாம்." இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த கார்த்திகைக்குள் மாமனார் ஊர்ப் பக்கம் ஓசூருக்குக் குடிபோய்விட்டான். கொஞ்ச நாள் போன் பேசினோம். இப்போது அந்த நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

நான் நேற்று நின்ற காபிக்கடை அந்தக் கடலை நிலத்தில்தான் இருக்கிறது. மரத்துக்கு மரம் சீரியல் பல்பு, சுற்றிலும் லாட்ஜ் விளக்கு. இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அவன் சொல்லிக்கொடுத்தபடி நாலு நட்சத்திரம் சேர்ந்த பெரிய சதுரத்தின் மூலையிலிருந்து ஒவ்வொரு நட்சத்திரமாக எண்ணினேன். ஒன்று தெரிந்தது. இரண்டாவது தெரிகிற மாதிரி இருந்தது. அங்கிருந்து மேலே திரும்பினால் அந்த வெளுப்பு. கண்ணை இன்னும் கொஞ்சம் இடுக்கி...

"அண்ணா, மேல இன்னா பாத்துகினு இருக்கீங்க? பஸ் ஸ்டாண்டு போணும், வண்டிய எடுங்க."