ஒற்றைப்படை முகவரி

இருபக்கமும் துளையிட்ட அச்சுத்தாள் மரக்காணத்து உப்புக் கிடங்கின் தரையில் பாய் விரித்தது போல் நீண்டு கிடந்தது. கடற்காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் நாலைந்து செங்கற்கள். நடுவில் மண்டியிட்டு, பென்சிலைக் கடித்தபடி, ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர்ந்துகொண்டிருந்தார் மேடம். எழுபதுகளின் கடைசி அது. மறுநாள் அவர் வேலை போனால் அதற்குக் காரணம் நான்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இருவரும் புரோகிராம் எழுதினோம். ஏறக்குறைய ஒரே வயது. நான் நிரந்தரம், அவர் தற்காலிகம். பழைய கம்ப்யூட்டருக்குப் பதிலாகப் புதிது வந்திருந்தது. பழையதற்கென்று பல வருடங்களாக எழுதிச் சேர்த்த புரோகிராம்கள் எதுவும் புதியதில் ஓடாது. அதற்கு மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். புதிய கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குள்ளேயே, பழைய கம்ப்யூட்டரைப் போல நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம். அதனுள்ளே ஓடுகிற பழைய புரோகிராமுக்குத் தான் இடம் மாறிவிட்டதே தெரியாது. ஏழு மாதம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதினார்.

நான் எழுதியது வேறு வகை. இன்னொரு புரோகிராம் ஓடும்போது கூடவே இருந்து, ஒவ்வொரு அடியையும் குறித்துக்காட்டி, பிழை தேட உதவும் கண்காணிப்பு புரோகிராம். அதன் கண்காணிப்பில் ஓட்டிக் காட்டிய பிறகே இயக்குநர் எதற்கும் கையெழுத்துப் போடுவார். மேடத்தின் புரோகிராம் தனியாக ஓடினால் விடை சரியாக வந்தது. என்னுடையதோடு சேர்த்து ஏற்றினால் உடனே நின்றது. நின்ற இடம் எப்போதும் அவர் எழுதிய வரிகளுக்குள்ளேயே இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், "மறைஞ்சிருக்கிற தப்பு, கண்காணிச்சா வெளிய வருது சார்" என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக ஒரு திருப்தி வேறு. இந்த ஏற்பாட்டையும் அவரையும் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்றார் இயக்குநர். மேடம் வாதாடவில்லை. இரண்டு புரோகிராம்களின் அச்சுத்தாள்களையும் கட்டித் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அவற்றைத் திரும்ப வாங்கி வர ஞாயிற்றுக்கிழமை என்னை அனுப்பினார்கள்.

அவருடைய அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. வீட்டில் தாளை விரிக்க இடம் போதாது என்று கிடங்கைத் திறந்துவிட்டிருந்தார். "பாப்பா காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல சார். நீங்களாவது சொல்லுங்க" என்றார். நான் யார் என்பது அவருக்குத் தெரியாது.

மேடம் நிமிர்ந்து பார்த்து, பென்சிலை என்னிடம் நீட்டினார். "இத கொஞ்சம் கூட்டிப் பாருங்க சார். நான் மூணு தடவ கூட்டிட்டேன்."

அது என் புரோகிராமின் நீளம். கூட்டினேன். ஒற்றைப்படை எண் வந்தது. மறுபடி கூட்டினேன், அதே எண். எனக்கு விளங்கிவிட்டது. நினைவகத்தில் ஓர் எழுத்துக்கு ஆகும் இடம் ஒரு பைட். எங்கள் புதிய கம்ப்யூட்டர் அதை இரண்டிரண்டு பைட்டாகத்தான் எடுக்கும். அந்த ஜோடி இரட்டைப்படை எண்ணுள்ள முகவரியில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும். நினைவகத்தில் முதலில் உட்காருவது என் புரோகிராம். அதை ஒட்டி மேடத்தினுடையது. என்னுடையதன் நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் அவருடையது முழுவதும் ஓர் இடம் தள்ளி விழும்.

கடைசி வரியைத் தேடினேன். வேலை முடிந்ததும் 'ட்ரேஸ் ஓவர்' என்று ஆங்கிலத்தில் அச்சடிக்கச் சொல்லியிருந்தேன். ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் சேர்த்துப் பத்து பைட். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சில நாள் முன்புதான் அதன் முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். பதினொன்று. மொத்த நீளம் ஒற்றைப்படையானது அதனால்தான்.

பென்சிலைக் கீழே வைத்தேன். மேடம் என்னைப் பார்க்காமல் தாளை மடித்தபடியே பேசினார். "என் மேலயும் தப்பு இருக்குது சார். எப்பவும் இரட்டைப்படைலதான் ஆரம்பிக்கும்னு நம்பிட்டேன். எங்க வெச்சாலும் ஓடுற மாதிரி எழுதியிருக்கணும்." பிறகு அப்பா கொண்டுவந்த சோற்றை இருவரும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கூனிமேட்டிலிருந்து வந்த அந்த பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்றபடி, "அந்தப் புள்ளிய எடுத்துடறேன்" என்றேன்.

"வேணாம் சார். அது இருக்கட்டும். அது இருந்தும் ஓடணும்."

திங்கட்கிழமை அப்படியே ஓட்டினோம். மேடம் புதிதாகச் சேர்த்த நாலு வரிகள், தொடங்கும் முகவரி ஒற்றைப்படையாக இருந்தால் ஓர் இடம் விட்டுத் தள்ளி உட்காரும்படி செய்தன. புள்ளியும் இருந்தது, புரோகிராமும் ஓடியது. இயக்குநரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தார். 'இரண்டு புரோகிராம்களும் அடுத்தடுத்து அமரும் இடத்தில் நாங்கள் கவனிக்கத் தவறியது' என்று அதில் எழுதியிருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. இயக்குநர் இரண்டு முறை படித்துவிட்டு, "நாங்கள்னா யாரு?" என்றார். மேடம் அச்சுத்தாளை மடிக்கத் தொடங்கினார்.

இன்று இந்த ஒற்றை, இரட்டை விவகாரத்தையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. புரோகிராம் எழுதும் பலருக்கு அப்படி ஒரு தொல்லை இருப்பதே தெரிவதில்லை. பின்னாளில் மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவரானார். அவருக்குக் கீழே நான் பல வருடம் மனநிறைவோடு வேலை பார்த்தேன். அவர் மேல் எனக்கு மரியாதை தொடங்கியது அந்தத் திங்கட்கிழமைதான். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் அதைச் செய்யாததால் எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அன்று இயக்குநர் முன்னால் எழுந்து நின்று, "நான்தான் சார்" என்றேன்.