லிஃப்ட்காரர் இரண்டாம் முறை பார்த்த நாடகம்

லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். சட்டை நுனியால் முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம் துடைக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மாட்டிக்கொண்ட பிறகுதான் பேப்பரில் நாடகப் பக்கத்தைத் திறப்பார். அரங்கத்திலும் இதே பழக்கம்தானாம். விளக்கு மங்கும்போது துடைத்து மாட்டினாரென்றால், பக்கத்து நாற்காலிக்காரர் மயங்கி விழுந்தாலும் இடைவேளை வரை திரும்ப மாட்டார்.

எழுபது தாண்டியவர். வேலையில் இருந்தவரை லிஃப்ட் பழுதுபார்த்தார். தெருவுக்கு இன்னும் லிஃப்ட்காரர்தான். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. கேட்டால், "சம்பளமில்லாம அந்தச் சத்தத்தை எவன் கேக்கறது?" என்பார். நாடகத்தைப் பற்றிப் பேசினாலும் தொழில் பேச்சுதான் வரும். "முதல் அங்கம் ஜம்முனு ஏறுச்சு. ரெண்டாவதுல ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. கடைசி வரைக்கும் ஒருத்தனும் வந்து கதவைத் திறக்கல."

மனைவி தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் புது நாடகம் எதையும் விட்டதில்லை. அந்த அம்மா விமர்சனத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கிளம்புவார். "எங்க கொட்டாவி விடணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லதுதானே" என்பது அவர் கட்சி. இவரோ பார்த்து முடிக்கும்வரை பேப்பரைத் தொட மாட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் தொடங்கும் சண்டை அடுத்த நாடகம் வரை தாங்கும்.

ஒரே ஒரு சண்டை மட்டும் முப்பது வருடம் தாங்கியது. பூட்டிய வீட்டுக்குள் ஒரு குடும்பம் சாவியைத் தேடிக்கொண்டே இருக்கும் நாடகம் அது. 'அவர்களுக்குச் சாவி கிடைப்பதற்குள் பார்வையாளர்கள் வாசலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று ஒரு விமர்சகர் எழுத, இரண்டு வாரத்தில் நாடகம் நின்றது. அந்த வரி அந்த அம்மாவுக்கு மனப்பாடம். இவருக்கோ அந்த நாடகம் உயிர். "உள்ள மாட்டிக்கிட்டவங்க அப்படித்தான் பேசுவாங்க. நான் எத்தனை பேரை வெளிய எடுத்திருக்கேன்."

போன வருடக் கடைசியில் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிற்று. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக நான் போகிறேன். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண், இந்த மாதங்களில் எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவுதான் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு அது அவமானம்.

லிஃப்ட்காரர் அன்புக்குக் குறை வைக்கவில்லை. அதுதான் தொல்லை. மனைவி ஒரு சொல்லைத் தேடி உதட்டை அசைத்தால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். எதைச் சொல்ல வந்தாலும், "ஆமாம்மா, நீ சொல்றதுதான் சரி."

அந்தச் சாவி நாடகத்தை இப்போது ஒரு இளைஞர் குழு மறுபடி போட்டிருக்கிறது. பார்த்த நாடகம்தானே என்று, லிஃப்ட்காரர் மேடையேறிய மறுநாளே விமர்சனத்தைப் படித்தார். ஒரே புகழ்ச்சி. தன்னை மறந்து, "அன்னைக்கே நான் சொன்னேன், நல்ல நாடகம்னு" என்றார்.

"குப்பை" என்றார் அந்த அம்மா. பல வாரங்களில் வந்த முதல் தெளிவான சொல்.

இவர் பதறிப்போய், "சரிம்மா, சரி, குப்பைதான்" என்றதும் வாய் மறுபடி மூடிக்கொண்டது.

லிஃப்ட்காரரைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். "சார், நீங்க ஒவ்வொரு தடவை விட்டுக்கொடுக்கும்போதும் அவங்க வாய் அடைச்சுப்போகுது. சண்டை போடுங்க."

"உடம்புக்கு முடியாதவகிட்டயா? என்ன சிஸ்டர் பேசறீங்க?"

"மாத்திரை கொடுக்கறீங்கல்ல, அது மாதிரி. வேளாவேளைக்கு. வலது பக்கம் உக்காந்து பேசுங்க, அப்பதான் அந்தப் பக்கம் தலை திரும்பும். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குத் தனியாகப் போனார். அவர் போனதிலிருந்து அந்த அம்மாவின் கண் கதவிலேயே இருந்தது. கஞ்சியைக்கூட அவசரமாகக் குடித்து முடித்தார்.

திரும்பி வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாவியைத் தேட ஆரம்பிச்சாங்க சிஸ்டர். தூங்கிட்டேன். முழிச்சுப் பாக்கறேன், இன்னும் தேடறாங்க." செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அவ சொன்னதுதான் சரி. இத்தனை வருஷமும்."

உள்ளே போனார்.

"எப்... எப்படி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பிரமாதம்" என்றார். "அன்னைக்கு நான் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேண்டாம். பேப்பர்காரனே ஒத்துக்கிட்டான். இன்னும் நீ ஒருத்திதான் பாக்கி."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. இடது கை மெத்தையை ஓங்கித் தட்டியது. "ரச... ரச... உங்களுக்கு..." சொல் பாதியில் நின்றது. உதடு அதைத் தேடிக்கொண்டே இருந்தது.

லிஃப்ட்காரர் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்து வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் இடது பக்கம், பிறகு வலது பக்கம் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.