சுவர் சொன்ன ‘ம்’

காயல்பட்டினத்தில் ருகையா வீடு எது என்று கேட்டால், எந்த ருகையா என்பார்கள். கதை வாசிக்கிற ருகையா என்று சொன்னால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் போதும், திருடன் பேசுகிற இடத்தில் தொண்டை கரகரக்கும், கிழவி பேசுகிற இடத்தில் பல் போன வாய் ஆகிவிடும். அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்ட பெண்கள் அந்தத் தெருவில் நிறையப் பேர்.

புருஷன் சவூதி தம்மாமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். வந்த சூட்டோடு மவுத்தாகிக் கண்ணையும் மூடிவிட்டார். ஒரே பிள்ளை காஜா முஹ்யித்தீன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ருகையாவுக்கு அவள் உம்மா கொடுத்தது, உம்மாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. ருகையாவுக்குப் பெண் இல்லை. யாருக்கென்று காவல் காக்கிறீர்கள், பூட்டிவிட்டு என்னோடு வாருங்கள் என்று மகன் போனில் சொல்லாத நாள் கிடையாது.

அவன் கெட்டவனாக இருந்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடலாம். நல்ல பிள்ளை, அதுதான் தொல்லை. ஒருதரம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று காதில் விழுந்ததும் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுக்குமாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொருத்தர் ஜன்னல். அழுது அடம்பிடித்துத்தான் ஊர் திரும்பினாள். இனி உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் பேச்சே கிடையாது உம்மா என்று சொல்லித்தான் அனுப்பினான். அதிலிருந்து தலை சுற்றினாலும் நெஞ்சு படபடத்தாலும் ருகையா யாரிடமும் மூச்சுவிடுவதில்லை. கண் மூடுகிறவரை அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

மத்தியானத் தொழுகை முடிந்து ஊர் கண்ணயர்கிற நேரத்தில் அவள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனில் கதை வாசித்துப் பதிவாள். வாய்ஸ் நோட்டாக அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். கேட்பவர்கள் எல்லாம் உள்ளூரிலும் துபாயிலும் இருக்கிற அக்கம்பக்கத்துப் பெண்கள். அந்த வருஷம் வாசித்தது தூத்துக்குடியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு துப்பறியும் கதை. அட்டை கிழிந்து போயிருந்ததால் பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. துப்பறிகிறவள் சுகுணா என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். அதனால் எல்லோருக்கும் அது சுகுணா கதை.

பூட்டிக் கிடக்கிற ஒரு பங்களா. உள்ளே சுவரில் யாரோ தட்டுகிறார்கள். சுகுணா தடயம் தேடி, தூக்கம் கெட்டு, கடைசியில் பின்பக்கம் ஒரு ரகசிய வழி இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். காயல் பெண்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பின்னால் முடுக்கு உண்டு. பெண்கள் மட்டும் நடக்கிற சந்து, ஆண் யாரும் கால் வைப்பதில்லை. முடுக்கைக் கண்டுபிடிக்க இவளுக்குப் பாதிப் புத்தகமா, எங்க ஊர் கைக்குழந்தைகூடக் காட்டிக் கொடுக்குமே என்று துபாய்க்காரி ஒருத்தி சொன்னாள். டீச்சர் வேலை பார்க்கிற இன்னொருத்தி, சுகுணாவுக்குத் தைரியம் இருக்கிறது, மூளைதான் கொஞ்சம் மந்தம் என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. கதை சுமார், ஆனால் அந்தத் தட்டுகிற சத்தம் பிரமாதம். லாத்தா, அதை எதை வைத்துத் தட்டினீர்கள், கேட்கும்போது முதுகுத்தண்டு சில்லிட்டுப் போயிற்று என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள்.

ருகையா எதையும் தட்டவில்லை.

பதிவைப் போட்டுக் கேட்டாள். தன் குரல் வந்தது. மூச்சு வாங்க ஒரு இடத்தில் நிறுத்தியிருந்தாள். அங்கே, மங்கலாக, ‘டொக்’. பிறகு மறுபடி தன் குரல். அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு ‘டொக்’. அவள் சாய்ந்து வாசித்த சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீடு. அந்த வீட்டுக்காரி போன வருஷம் இறந்தாள். மகள் ஹிபாவை மாப்பிள்ளை ஹாரிஸ் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வெளியூர்க்காரன், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து தங்குகிற இந்த ஊர் வழக்கம் அவனுக்குப் பிடிக்காது. அவன் பூட்டிய பூட்டு தெருவாசலில் அன்றைக்குத் தொங்கியது போலவே தொங்குகிறது.

ருகையாவுக்குப் பேய் பயம் பிடித்துக்கொண்டது. ஆயத்துல் குர்ஸி ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டாள். யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொன்ன வார்த்தை சாயங்காலத்துக்குள் சென்னை போய்ச் சேரும். தனியாக இருந்து இருந்து உம்மாவுக்கு இல்லாத சத்தம் கேட்கிறது என்று மகன் வந்து நிற்பான். வீடு போய்விடும். அகப்பையால் நான்தான் தட்டினேன் என்று குழுவில் ஒரு பொய்யைப் போட்டு வைத்தாள். பெண்கள் அந்தப் பதிவை ஊரெல்லாம் அனுப்பி, கேளுங்கள் எங்கள் ருகையா லாத்தாவின் திறமையை என்று பெருமை அடித்தார்கள்.

மறுநாளும் வாசித்தாள், பயந்துகொண்டேதான் வாசித்தாள். விட்டால் சந்தேகம் வருமே. ஆனால் இப்போது சுவரைக் காது கொடுத்துக் கவனித்தாள். பல்லியோ எலியோ என்றால் கண்ட இடத்தில் சத்தம் வரும். இது அப்படி இல்லை. சுகுணா விளக்கைத் தூக்கிப் பிடித்தாள் என்று நிறுத்தினால், ‘டொக்’. படியில் ஈரக்கால் தடம் இருந்தது என்று நிறுத்தினால், ‘டொக்’. கதை சொல்லும்போது எதிரே இருக்கிற பிள்ளை எங்கே ‘ம்’ கொட்டுமோ சரியாக அங்கே சுவர் ‘ம்’ கொட்டியது.

அது புரிந்ததும் சுவரில் சாய்ந்திருந்த முதுகை விலக்கிக்கொண்டாள். கதை கேட்கிற ஒன்று உள்ளே இருக்கிறது.

கடைசி அத்தியாயம் வந்தது. சுகுணா போலீசையும் ஊரையும் திரட்டிக்கொண்டு பங்களாவுக்குள் நுழைகிறாள். உள்ளே ஒளிந்திருந்தது பேயில்லை, ஒரு இளம்பெண். அவளைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து, தேடிக்கொண்டிருந்த கணவனிடம் ஒப்படைக்கிறாள். ஊர் கைதட்டுகிறது, பத்திரிகையில் சுகுணாவின் படம் வருகிறது. ருகையா இருக்கிற குரலையெல்லாம் காட்டி வாசித்தாள். குழுவில் பாராட்டு குவிந்தது. முடுக்கு விஷயத்தில் மண்டு என்றாலும் குடும்பத்தைச் சேர்த்து வைத்தாளே, நல்ல முடிவு என்றார்கள். டீச்சர் சுகுணாவுக்கு நூற்றுக்கு எண்பது கொடுத்தாள்.

சுவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அத்தியாயம் முழுக்க ஒரு ‘டொக்’ இல்லை. மறுநாள் வேறொரு கதையை எடுத்துச் சும்மா வாசித்துப் பார்த்தாள். இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தட்டியபோது வந்த பயத்தைவிடத் தட்டாதபோது வந்த பயம் பெரிதாக இருந்தது.

முடுக்கைப் பற்றிச் சுகுணாவை எவ்வளவு கேலி செய்தோம், நம்மில் ஒருத்திக்காவது அந்த வீட்டின் முடுக்குக் கதவு ஞாபகத்துக்கு வந்ததா என்று அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் ஸ்கூட்டரில் தெருவாசலோடு போய்வருகிறவர்கள் ஆகிவிட்டார்கள். முடுக்கில் யாரும் நடந்து வெகுகாலம் ஆயிற்று.

உச்சி வெயிலில் கொல்லைக் கதவைத் திறந்து இறங்கினாள். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் ஒரு ஆள் போகிற அகலம். வெளியே கடல்காற்று வீசுகிற ஊரில் அங்கே இலை அசையவில்லை. மணலில் செருப்புத் தடம் கிடந்தது. வருகிற தடமும் போகிற தடமும் அல்ல; உள்ளே போகிற தடம் மட்டும். பக்கத்து வீட்டு முடுக்குக் கதவு சாத்தியிருந்தது. விரலை மடக்கிக் கதவில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது. இருட்டில் ஒரு முகம், பாதி முகம் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. ருகையா கத்தப்போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன வயதில் அவள் மடியில் கிடந்து கதை கேட்ட ஹிபா. நடுவிலேயே தூங்கிவிடக் கூடாது என்று விரலால் தரையைத் தட்டித் தட்டி ‘ம்’ கொட்டுகிற பிள்ளை.

ஹாரிஸ் அடித்தான் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரயிலில் தூத்துக்குடி வந்து, பஸ் மாறி, முகத்திரையோடு முடுக்கு வழியாக நுழைந்திருந்தாள். முடுக்குக் கதவின் சாவி எப்போதும் அவளிடம்தான். அப்படி ஒரு சாவி இருப்பதே அவனுக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து தாய்மாமா வெள்ளிக்கிழமை வருகிறார், வந்ததும் ஜமாஅத்தில் பேசித் தலாக் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை கிணற்றுத் தண்ணீரும் ரஸ்கும். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா என்று ருகையா அழுதாள்.

“தட்டலாம்னுதான் இருந்தேன் சாச்சி. நீங்க வாசிக்கத் தொடங்கினதும் என்னை அறியாம கை ‘ம்’ கொட்டிருச்சு. கடைசிக் கதையைக் கேட்டதும் பயந்துட்டேன்,” என்றாள் ஹிபா. “அந்தப் பொண்ணை எல்லாருமா வெளியே கொண்டாந்தாங்களே, அவ ஒரு வார்த்தை பேசினாளா? எதுக்கு ஒளிஞ்சேன்னு ஒருத்தராவது அவகிட்ட கேட்டாங்களா?”

ருகையா புத்தகத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. அவ்வளவு குரல் மாற்றி வாசித்தவளுக்கு அந்தப் பெண்ணுக்கென்று ஒரு குரல் தேவைப்படவே இல்லை. அதைக் கவனிக்காமல் போனதற்கு வெட்கமாக இருந்தது.

நாலு வாய் சோறு கொண்டுவருகிறேன் என்று அவள் எழுந்தபோது தெருவாசலில் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. ஊரெல்லாம் சுற்றிய அந்தப் பதிவு சென்னைக்கும் போயிருந்தது. எந்த வீட்டுச் சுவர் என்று ஹாரிஸுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹிபாவை இழுத்துக்கொண்டு ருகையா முடுக்கில் இறங்கினாள். ஹிபா முடுக்குக் கதவை வெளியே பூட்டினாள். தன் வீட்டு அடுக்களையில் அவளை உட்காரவைத்துவிட்டு ருகையா கூடத்துச் சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் செருப்புக் கால் அறை அறையாக நடந்தது. கிணற்றடியில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

அப்புறம் அவளுடைய வாசலில் வந்து கூப்பிட்டான். கதவை ஒருக்களித்து, பின்னால் நின்று பேசினாள். வீட்டுக்குள் தரை ஈரமாக இருக்கிறது, குடித்த டம்ளர் இருக்கிறது, பின்கதவு வெளியே பூட்டியிருக்கிறது, முன்பூட்டை நானே இப்போதுதான் திறந்தேன், உள்ளே யார் என்று கேட்டான். குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. வாசித்துப் பழகிய காது அதைப் பிடித்துக்கொண்டது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

அகப்பை என்று சொன்னால் ஈரத்துக்குப் பதில் இல்லை. வேறு சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கூடம், இந்தச் சுவர், உம்மா கொடுத்த சாவிக்கொத்து எல்லாம் ஒரு நொடி கண்ணில் வந்து போயிற்று. பொய்க்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொள்ளலாம்.

“நான் தட்டலை தம்பி. ஊருக்குப் பொய் சொன்னேன்,” என்றாள் தெருவே கேட்கும்படி. “அங்கன ஒண்ணு இருக்கு. நான் வாசிச்சா ‘ம்’ கொட்டுது. நிறுத்தினா அழுவுது. நேத்து முடுக்குல பார்த்தேன். பொம்பளை உருவம், முகத்துல பாதி இல்லை. உங்க பேரைத்தான் சொல்லுது.”

கடைசி வார்த்தையைத் தன் குரலில் சொல்லவில்லை. நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். ஹாரிஸ் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். பக்கத்து வீட்டுக்குள் கால் வைக்காமல், வெளியே நின்றபடியே கதவை இழுத்துப் பூட்டினான். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை; பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் அறை போட்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தகவல் வந்தது.

மகன் போன் செய்தபோது ஹிபா அடுக்களையில் மீன் ஆணத்தை ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தாள். வீங்கிய பக்கம் மெல்ல முடியாமல் மறுபக்கமாக மென்றாள். காஜா முஹ்யித்தீன் கோபிக்கவில்லை. நாளைக்குக் காலையில் கிளம்பி வருகிறேன், துணிமணி எடுத்து வையுங்கள், டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். ருகையா கெஞ்சவில்லை, ஒரே ஒரு நாள் தள்ளி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வா என்று மட்டும் கேட்டாள். சரி என்றான். தெருவில் ஆட்கள் மகன் நம்பருக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஹாரிஸும் பேசியிருந்தான். மகனிடம் சொல்கிற எதுவும் லாட்ஜுக்குப் போகும்.

“உம்மா,” என்றான், குழந்தையிடம் கேட்கிற மாதிரி. “நிஜமாச் சொல்லுங்க. இப்பவும் அந்தச் சத்தம் கேக்குதா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு மிஞ்சும். அடுக்களையில் ஹிபா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“கேக்குது வாப்பா,” என்றாள் ருகையா.