இரண்டு கணினிகளும் பதினொரு நிமிடமும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஒரு நாள் மதியம் சூளையில் வெப்பம் எகிறி, உள்ளிருந்த மின்கம்ப இன்சுலேட்டர்கள் அத்தனையும் வெடித்துவிட்டன. அபாய மணி அடித்தபோது சூளைக்காரர் இடத்தில் இல்லை என்றார் மேனேஜர். அதற்குச் சான்றாக இரண்டு கணினிகளின் நேரப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தவள் நான். சூளைக் கணினியில் மணி அடித்தது 2.10. வாசலில் இருந்த கேட்டுக் கணினியில் அவர் வெளியேறியது 2.04. அன்றே அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

கருவேப்பிலங்குறிச்சிக்காரர் அவர். போகும்போது என் மேசை முன் நின்றார். “மணி அடிச்சப்போ நான் அங்கதாங்க இருந்தேன். வால்வ மூடிட்டு, அடுத்த ஷிப்ட் ஆளு வந்தப்புறந்தான் கெளம்புனேன். கம்ப்யூட்டர்ல வேற மாதிரியா இருக்குது?”

அன்று முழுவதும் உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் கைக்கடிகாரத்தோடு இரண்டு கணினிகளுக்கும் நடந்தேன். சூளைக் கணினியைவிடக் கேட்டுக் கணினி பதினொரு நிமிடம் பின்தங்கியிருந்தது. அப்படியானால் சூளைக் கணக்கில் அவர் வெளியேறியது 2.15.

மேனேஜர் அசையவில்லை. “இன்னிக்குப் பின்னாடி ஓடுதுன்னா, அன்னிக்கும் அப்படித்தான் ஓடுச்சுன்னு எப்படிம்மா சொல்ல முடியும்?”

நியாயமான கேள்வி. அது என்னைப் பிடுங்கித் தின்றது. பழைய பதிவுகளைக் கிளறினேன். விபத்தன்று காலை ஒருமுறை கரண்ட் போயிருந்தது. பேட்டரிக்கு மாறிய இரண்டு கணினிகளும் அந்த நேரத்தைக் குறித்திருந்தன. சூளையில் 11.20, கேட்டில் 11.09. அந்தத் தாளை நீட்டினேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, “அவர வரச் சொல்லுங்க” என்றார்.

இனி இப்படி நடக்காமலிருக்க, எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரம் காட்டும் மென்பொருள் தேட வேண்டியதாயிற்று. முதலில் போட்டுப் பார்த்தது சுலபமானது. ஆனால் கொஞ்சம் முந்தி ஓடிய சூளைக் கடிகாரத்தை ஒரே இழுப்பில் பின்னுக்குத் தள்ளியதால், சூளைப் பதிவில் ஒரே நிமிடம் இரண்டு முறை வந்தது. பதறிப்போய் எடுத்துவிட்டேன். இன்னொன்றை அமைப்பது பெரும்பாடு. ஆனால் அது கடிகாரத்தை மெல்ல மெல்ல ஓடவிட்டுச் சரிசெய்தது. சரியான நேரம் தரும் டெலிபோன் இணையம் அறுந்தாலும், ஆபீஸ் கணினி ஒன்றிடம் மற்றவை நேரம் கேட்டுக்கொள்ளும்.

“மொதல்ல போட்டதே போதாதாம்மா?” என்றார் மேனேஜர்.

“போதாதுங்க சார்” என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

சூளைக்காரர் திரும்பி வந்த அன்று மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என்னாங்க பண்ணுவீங்க, கேட்டாங்க, குடுத்தீங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதைக் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. அதன்பிறகு, கேட்டார்கள் என்பதற்காக மட்டும் நான் யாருக்கும் பட்டியல் கொடுக்கவில்லை.